திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண்ணும் நோய் எதிர்ப்பு செல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய்க்குள் ஒரு புண் வரும். பத்து நாள் சோறு தண்ணீர் இறங்கவிடாமல் படுத்தும். தானாகவே ஆறும். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ வேறொரு இடத்தில் மறுபடி வரும். உலகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தத் தொல்லை உண்டு. "உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லை, அதனால்தான்" என்ற விளக்கமே பெரும்பாலும் காதில் விழுகிறது. பெரும்பாலானவர்களைப் பொறுத்தவரை அது தலைகீழான விளக்கம். புண்ணை உண்டாக்குவதே நம்முடைய நோய் எதிர்ப்பு செல்கள்தான். இது புரிந்துவிட்டால் எந்த மருந்து எதற்கு, எப்போது போடுவது, எது வீண் செலவு என்பதெல்லாம் தெளிவாகிவிடும். அதற்காகத்தான் இந்தப் பக்கம்.

இங்கே பேசுவது எந்த வாய்ப்புண்ணைப் பற்றி?

மருத்துவர் சீட்டில் 'ஆப்தஸ் அல்சர்' என்று எழுதுவாரே, அதைப் பற்றி. வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருக்கும், ஆழம் இருக்காது. நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம், சுற்றிலும் சிவந்த வளையம். உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், அடிநாக்கு, தொண்டையை ஒட்டிய மெத்தென்ற அண்ணம் ஆகிய இடங்களில் வரும். இந்த இடங்களில் மேல்தோல் மென்மையானது. ஈறு, கடினமான மேலண்ணம் போன்ற இடங்களில் தோலின் மேல் கெட்டியான ஓர் அடுக்கு இருப்பதால் அங்கே ஆப்தஸ் புண் அரிது.

இதில் மூன்று வகை உண்டு. பத்தில் எட்டுப் பேருக்கு வருவது சிறிய வகை: ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும், 7 முதல் 14 நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும். பெரிய வகை ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், ஆழமாக இருக்கும், ஆற வாரங்கள் ஆகும், சில சமயம் மாதக்கணக்கில்கூட இழுக்கும், தழும்பும் விட்டுப்போகும். மூன்றாவது வகையில் குண்டூசித் தலை அளவுப் புண்கள் கூட்டமாக வரும். பார்க்க ஹெர்பிஸ் மாதிரி இருந்தாலும் அதற்கும் ஹெர்பிஸ் வைரசுக்கும் சம்பந்தமில்லை.

ஹெர்பிஸ் புண்ணிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஹெர்பிஸ் முதலில் நீர்க்கொப்புளமாக வந்து பிறகு உடையும். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு உதட்டின் வெளி ஓரத்திலோ ஈறிலோ கடின அண்ணத்திலோ வரும். ஆப்தஸ் புண் கொப்புளமாக ஆரம்பிப்பதில்லை. எரிச்சல், சிவப்பு, நேராகப் புண் என்ற வரிசையில்தான் வரும்.

எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தானே வருகிறது?

பெரும்பாலானவர்களுக்கு இல்லை. ஆப்தஸ் புண் வருபவர்களில் அதிகம் பேர் மற்றபடி நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் இளவயதுக்காரர்கள். அவர்களுக்குச் சளி, காய்ச்சல், தொற்று எதுவும் மற்றவர்களைவிட அதிகமாக வருவதில்லை. புண்ணிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கே எதிர்ப்பு செல்கள் குறைவாக இருக்காது, குவிந்து கிடக்கும். வாயின் மேல்தோலைத் துளைத்திருப்பது அந்தக் கூட்டம்தான்.

ஆகவே குறை பலத்தில் இல்லை, கட்டுப்பாட்டில் இருக்கிறது. அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காத, தேவையில்லாத இடத்தில் கிளம்பிவிட்ட எதிர்ப்பு. உண்மையிலேயே எதிர்ப்பு செல்கள் குறைந்து புண் வருகிற நோய்களும் உண்டு. அவை எண்ணிக்கையில் குறைவு என்றாலும் முக்கியமானவை, கீழே வருகின்றன.

அப்படியானால் புண் உருவாகும்போது வாய்க்குள் என்னதான் நடக்கிறது?

இதைக் கட்டம் கட்டமாகப் பார்ப்பது நல்லது. மருந்து எப்போது போட வேண்டும் என்பதே இதில்தான் இருக்கிறது.

முதல் கட்டத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அல்லது லேசான சிவப்பு மட்டும் தெரியும். ஆனால் ஓரிடத்தில் சுருக் சுருக்கென்று இருக்கும், காரம் பட்டால் எரியும். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு இது நன்றாகப் பழகிய உணர்வு: "நாளைக்கு இங்கே புண் வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஒன்றிரண்டு நாள் நீடிக்கும் இந்தக் கட்டத்தில் மேல்தோலுக்குக் கீழே, சின்னச் சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றி, லிம்போசைட்டுகள் என்கிற வெள்ளை அணுக்கள் கூடத் தொடங்குகின்றன. அவற்றில் பெரும்பான்மை டி செல்கள். டி செல்களிலும் இப்போது அதிகம் இருப்பவை சிடி4 வகை. இவை நேரடியாக யாரையும் கொல்வதைவிட, சைட்டோகைன் என்ற ரசாயனச் செய்திகளை வெளியிட்டு மற்ற செல்களை ஏவுவதையே முதன்மை வேலையாகக் கொண்டவை.

இரண்டாவது கட்டத்தில் சிடி8 வகை டி செல்கள் மேலோங்குகின்றன. இவை கொல்லும் செல்கள். வைரஸ் புகுந்த செல்லையோ புற்றாக மாறிய செல்லையோ தொட்டு, அது தானே அழியும்படி செய்வதுதான் உடம்பில் இவற்றுக்கு விதிக்கப்பட்ட வேலை. ஆப்தஸ் புண்ணில் இவை வாயின் மேல்தோலுக்குள்ளேயே ஏறி அதன் செல்களை அழிக்கின்றன. வழக்கமாக எதிர்ப்பு செல்களின் மேற்பரப்பில் மட்டும் அதிகம் காணப்படும் சில அடையாளப் புரதங்கள் இந்தச் சமயத்தில் மேல்தோல் செல்களின் மீதும் தோன்றுகின்றன. "என்னைப் பார்" என்று அந்தச் செல்களே டி செல்களைக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுக்கிற நிலை.

மேல்தோல் கிழிந்ததும் நியூட்ரோஃபில்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. ரத்தக்குழாயிலிருந்து கசியும் ஃபைப்ரின் என்ற புரதமும் செத்த செல்களும் சேர்ந்து படிவதுதான் நடுவில் தெரியும் அந்த மஞ்சள் வெள்ளைப் படலம். பலர் அதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டுகிறார்கள். அது சீழ் அல்ல, சுரண்டக் கூடாது. அடியில் நரம்பு நுனிகள் திறந்து கிடப்பதால்தான் இவ்வளவு சின்னப் புண்ணுக்கு அவ்வளவு வலி.

ஆறும் கட்டத்தில் மறுபடி சிடி4 செல்களின் விகிதம் கூடி, சிடி8 குறைகிறது. ஓரத்திலிருந்து மேல்தோல் வளர்ந்து மூடிக்கொள்கிறது. இந்த ஏற்ற இறக்க வரிசை 1980களிலேயே, புண்ணின் வெவ்வேறு கட்டங்களில் எடுத்த திசுத் துணுக்குகளை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டறியப்பட்டது.

டிஎன்எஃப்-ஆல்ஃபா என்று படிக்கிறேன், அது என்ன?

மேலே சொன்ன ரசாயனச் செய்திகளில் இந்த நோய்க்கு மிக முக்கியமானது. டி செல்கள், மேக்ரோஃபேஜ்கள், மாஸ்ட் செல்கள் என்று பல வகை எதிர்ப்பு செல்களும் இதை வெளியிடும். இது ரத்தக்குழாயின் உட்சுவரை ஒட்டும் தன்மையுள்ளதாக மாற்றிவிடும். அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்கள் அங்கே ஒட்டி, சுவரைத் தாண்டித் திசுவுக்குள் இறங்கும். இறங்கியவை இன்னும் கொஞ்சம் டிஎன்எஃப்-ஆல்ஃபாவை வெளியிடும். நடுராத்திரியில் ஒரு நாய் எதையோ பார்த்துக் குரைக்க, அதைக் கேட்டுத் தெரு நாய்கள் அத்தனையும் குரைக்குமே, அப்படி. முதல் நாய் எதைப் பார்த்தது என்பது போகப் போக முக்கியமில்லாமல் ஆகிவிடுகிறது, சத்தம்தான் சத்தத்தை வளர்க்கிறது.

இதோடு இண்டர்லூக்கின்-2, இண்டர்ஃபெரான்-காமா என்ற செய்திகளும் புண் உள்ளவர்களிடம் கூடுதலாக இருக்கின்றன. அழற்சியைத் தணிக்கும் இண்டர்லூக்கின்-10 புண்ணில் போதிய அளவு இருப்பதில்லை.

அடக்கி வைக்கும் செல்கள் என்று எதுவும் உடம்பில் இல்லையா?

இருக்கின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு வகை. வாய் என்பது நாள் முழுக்க சாப்பாடு, கிருமி, சூடு, உரசல் என்று எல்லாவற்றையும் சந்திக்கும் இடம். அத்தனைக்கும் எதிர்ப்பு செல்கள் பாய்ந்தால் வாய் முழுக்கப் புண்ணாகத்தான் இருக்கும். பாயாமல் இருப்பதற்கு இந்தச் செல்கள் ஒரு காரணம். திரும்பத் திரும்பப் புண் வருபவர்களிடம் இவற்றின் எண்ணிக்கையோ செயல்திறனோ குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என்னைக் கேட்டால், "எதிர்ப்பு சக்தி குறைவு" என்ற பேச்சில் ஏதாவது உண்மை இருந்தால் அது இந்த இடத்தில் மட்டும்தான்: குறைந்திருப்பது எதிர்க்கும் சக்தி அல்ல, அடக்கும் சக்தி.

டி செல்கள் எதைப் பார்த்து இப்படிப் பாய்கின்றன? ஏதாவது கிருமியா?

இன்றுவரை இதுதான் காரணம் என்று ஒரு கிருமியும் நிரூபிக்கப்படவில்லை. வாயில் சாதாரணமாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்களின் மீது நெடுநாளாகச் சந்தேகம் உண்டு. அவற்றிடமுள்ள வெப்ப அதிர்ச்சிப் புரதம் (சூடு போன்ற நெருக்கடியில் செல்கள் கூடுதலாக உண்டாக்கும் புரதம்) நம் உடலின் அதே வகைப் புரதத்தைப் பெரிதும் ஒத்திருக்கும். பாக்டீரியாவைக் குறிவைத்துப் பயின்ற டி செல், சாயல் ஒத்திருப்பதால் நம்முடைய மேல்தோலையே தாக்கிவிடலாம் என்பது அந்தக் கருத்து. சாத்தியமுள்ள விளக்கம்தான், ஆனால் எல்லாருக்கும் பொருந்தவில்லை.

நடைமுறைக்கு இதிலிருந்து ஒன்று தெரிந்துகொள்ளலாம். ஆப்தஸ் புண் தொற்று நோய் அல்ல. முத்தம் கொடுப்பதாலோ ஒரே தம்ளரில் குடிப்பதாலோ பரவாது. அதேபோல, கண்ட கண்ட ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கிப் போடுவதாலும் பயனில்லை.

கடித்துக்கொண்ட இடத்தில்தான் எனக்கு வருகிறது. அது காயம்தானே?

கன்னத்தைக் கடித்துக்கொண்டால், பிரஷ் குத்தினால், பல் மருத்துவர் ஊசி போட்டால் எல்லாருக்கும் காயம் ஆகும், இரண்டு மூன்று நாளில் ஆறும். இந்தப் போக்கு உள்ளவர்களுக்கு மட்டும் அதே காயம் வட்டமான புண்ணாக மாறி இரண்டு வாரம் நிற்கும். அடிபட்ட மேல்தோல் வெளியிடும் அபாயச் செய்தி, ஏற்கெனவே துடிப்பாக இருக்கும் எதிர்ப்பு செல்களை அங்கே வரவழைத்துவிடுகிறது. கூர்மையான பல் ஓரம், சரியாகப் பொருந்தாத பல் செட், கம்பி இருந்தால் அதைச் சரிசெய்துகொள்வது பாதி வேலையை முடித்துவிடும். மென்மையான பிரஷ் வாங்குங்கள். பற்பசையில் நுரை வருவதற்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட் வாயின் மேற்பூச்சை அரிக்கக்கூடியது. அது இல்லாத பற்பசைக்கு மாறியதும் சிலருக்குப் புண் வருவது குறைகிறது. செலவில்லாமல் செய்து பார்க்கக்கூடிய விஷயம்.

பரீட்சை சமயத்தில் மட்டும் வருவது ஏன்?

மன அழுத்தமும் தூக்கக் குறைவும் கார்டிசால் முதலான ஹார்மோன்களின் வழக்கமான போக்கை மாற்றுகின்றன, எதிர்ப்பு செல்களின் சமநிலையும் கூடவே மாறுகிறது. யோசனையில் கன்னத்தை, உதட்டைக் கடிக்கும் பழக்கமும் அந்தச் சமயத்தில் கூடும். இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. சில பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் வருவதும், கர்ப்ப காலத்தில் வராமலே இருப்பதும் ஹார்மோன்களின் பங்கைக் காட்டுகின்றன.

சிகரெட்டை விட்ட பிறகு வாய்ப்புண் வந்தது. மறுபடி பிடிக்கலாமா?

கூடாது. புகைபிடிப்பவர்களுக்கு ஆப்தஸ் புண் குறைவு என்பது உண்மை. புகையால் வாயின் மேல்தோல் தடித்துப்போவது ஒரு காரணம். விட்டதும் அந்தத் தடிப்பு போய், சில வாரங்களுக்குப் புண் வரலாம். அது தானாக அடங்கும். வாய்ப்புண்ணுக்குப் பயந்து வாய்ப்புற்றை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் அம்மாவுக்கும் இருந்தது, எனக்கும் இருக்கிறது. பரம்பரையா?

குடும்பத்தில் ஓடும் போக்கு நிச்சயம் உண்டு. பெற்றோர் இருவருக்கும் இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு வெகுவாகக் கூடும், இளம் வயதிலேயே வரும், கடுமையாகவும் இருக்கும். ஒரே ஒரு மரபணுவால் வருவதல்ல இது. சைட்டோகைன்களை எவ்வளவு சுரக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பல மரபணுக்களின் சிறு சிறு வேறுபாடுகள் கூடி உண்டாக்கும் போக்கு.

அபூர்வமாக ஒரே மரபணுவின் கோளாறே காரணமாவதும் உண்டு. அழற்சிக்கு முடுக்குப் போட்ட பிறகு அதற்குத் தடை போடும் ஏ20 என்ற புரதத்தின் மரபணு ஒரு பிரதி பழுதாகிவிட்டால், சின்ன வயதிலிருந்தே வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், விட்டுவிட்டுக் காய்ச்சல் எல்லாம் வரும். 2016இல்தான் இது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. தடை ஒன்று பழுதானாலே வாயில் புண் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எய்ட்ஸ் நோயாளிகளுக்கு டி செல்களே குறைந்துவிடுகின்றனவே. அவர்களுக்கும் ஏன் பெரிய பெரிய புண்?

நியாயமான கேள்வி. எச்ஐவி வைரஸ் முதன்மையாக அழிப்பது சிடி4 செல்களை. அவை மிகவும் குறைந்த நிலையில்தான் பெரிய வகைப் புண்கள் வருகின்றன. சிடி8 செல்களோ ஓரளவு தங்கியிருக்கின்றன. ஏவுகிற, ஒழுங்குபடுத்துகிற கூட்டம் குறைந்து, கொல்லும் கூட்டம் மட்டும் மிஞ்சினால் விகிதம் கெடுகிறது. 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இத்தகைய நோயாளிகளுக்கு தாலிடோமைடு என்ற, எதிர்ப்பு செல்களின் போக்கை மாற்றும் மருந்து நான்கு வாரம் கொடுக்கப்பட்டது. மருந்து பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குப் புண் முழுவதும் ஆறியது, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான் ஆறியது. எதிர்ப்பு சக்தி அடியோடு சரிந்தவர்களுக்குக்கூட, எதிர்ப்பு செல்களின் போக்கை மாற்றும் ஒரு மருந்து புண்ணை ஆற்றியிருக்கிறது.

நியூட்ரோஃபில் குறைவதால் வரும் புண் வேறு கதை. சுழற்சி நியூட்ரோபீனியா என்ற அரிய பிறவி நோயில் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை நியூட்ரோஃபில்கள் ரத்தத்தில் அடிமட்டத்துக்கு இறங்கும், அப்போதெல்லாம் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வரும். இங்கே உண்மையிலேயே காவல் இல்லாததால்தான் புண். குழந்தைக்குக் கணக்கு வைத்தாற்போல் மூன்று வாரத்துக்கொருமுறை காய்ச்சலோடு வாய்ப்புண் வந்தால் குழந்தை நல மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். ஒருநாள் ரத்தப் பரிசோதனையில் இது பிடிபடாமல் போகலாம். வாரம் இரண்டு மூன்று முறை வீதம் ஆறு வாரமாவது எண்ணிக்கை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டால் போதுமா?

மருந்துக்கடையில் வாய்ப்புண் என்று சொன்னதும் கைக்கு வருவது அதுதான். இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் குறைவு உள்ள ஒருவருக்கு அந்தக் குறையைச் சரிசெய்தால் புண் குறையும், சிலருக்கு நின்றேவிடும். வாயின் மேல்தோல் வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசு. சத்துக் குறைந்தால் அது மெலிந்துபோகும், எதிர்ப்பு செல்களின் தாக்குதலைத் தாங்காது.

ஆனால் பி காம்ப்ளக்ஸில் இரும்பு பெரும்பாலும் இருக்காது, பி12 இருந்தாலும் குறைந்த அளவே இருக்கும். குறை எது என்று தெரியாமல் நாலு நாள் போட்டு நிறுத்துவதில் அர்த்தமில்லை. ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. சுத்த சைவம் சாப்பிடுபவர்கள், மாதவிலக்கில் அதிக ரத்தம் போகும் பெண்கள், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் பல வருடமாக எடுப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

பி12 பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009இல் வெளியான ஓர் இஸ்ரேல் ஆய்வில் தினமும் இரவு 1000 மைக்ரோகிராம் பி12 மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து ஆறு மாதம் எடுத்தவர்களில் 74 சதவீதம் பேர் கடைசி மாதத்தில் புண்ணே இல்லாமல் இருந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம் பேர். ரத்தத்தில் பி12 சரியாக இருந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆய்வில் இருந்தவர்கள் 58 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் பாதுகாப்பான, விலை குறைந்த மருந்து என்பதால் மருத்துவரிடம் கேட்டு முயன்று பார்க்கலாம். பலன் தெரிய மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

உடல் சூடுதான் காரணம் என்கிறார்களே? மணத்தக்காளிக் கீரை சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். காரமில்லாமல், தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்த மணத்தக்காளிக் கீரை புண்ணில் உறுத்தாமல் இறங்கும், சத்தும் உண்டு. மோர், இளநீர், நெய் விட்ட குழைந்த சோறு எல்லாம் புண் இருக்கும் நாட்களுக்கு ஏற்ற சாப்பாடு. டி செல்களின் பாய்ச்சலை இவை நிறுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

நான் வருத்தப்படுவது வேறு சில பழக்கங்களுக்காக. புண்ணின் மேல் கல் உப்பை வைத்துத் தேய்ப்பது, படிகாரத்தைப் பொடித்து வைப்பது, ஆஸ்பிரின் மாத்திரையைப் புண்ணில் ஒதுக்கி வைப்பது. மேல்தோல் இல்லாத இடத்தில் இவை ரசாயனக் காயத்தை உண்டாக்கக்கூடும். எரிந்தால் கிருமி சாகிறது என்று அர்த்தமில்லை, நல்ல திசு சாகிறது. புண்ணை உண்டாக்கிய கிருமி என்று சாகடிக்க அங்கே ஒன்றும் இல்லை. வெதுவெதுப்பான நீரில் லேசாக உப்புப் போட்டுக் கொப்பளிப்பதில் தவறில்லை.

சரி, எந்த மருந்து போடலாம்? எப்போது?

முதலில் எடுக்க வேண்டியது ஸ்டீராய்டு வாய்ப்பசை. ட்ரையாம்சினலோன் 0.1 சதவீதப் பசை பரவலாகக் கிடைக்கிறது. இது டி செல்களையும் அவற்றின் சைட்டோகைன்களையும் அந்த ஓர் இடத்தில் மட்டும் அடக்கும். அதனால்தான் நேரம் முக்கியம்: சுருக்கென்ற முதல் நாளே போட ஆரம்பித்தால் புண் சிறிதாக நிற்கும், சில சமயம் வராமலே போகும். முழுப் பள்ளமாக ஆன ஐந்தாம் நாளில் போட்டால் பலன் குறைவு. அந்தக் கட்டத்தில் மிச்சமிருப்பது மேல்தோல் வளர வேண்டிய வேலைதான்.

போடும் முறையும் முக்கியம். சாப்பிட்டு வாய் கொப்பளித்த பிறகு, அந்த இடத்தைச் சுத்தமான துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். மிளகளவு பசையை விரலால் ஒற்றி வையுங்கள், தேய்க்காதீர்கள், தேய்த்தால் திரிந்து உதிர்ந்துவிடும். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருங்கள். படுக்கும் முன் ஒருமுறை கட்டாயம் வையுங்கள், தூக்கத்தில் எச்சில் குறைவாக ஊறும், மருந்து அதிக நேரம் தங்கும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு வாரம், சின்ன இடத்தில் வைப்பதால் உடம்பு முழுக்கப் பாதிப்பு வராது. நீண்ட நாள் தொடர்ந்தால் வாயில் பூஞ்சைப் படலம் வரலாம், அப்போது மருத்துவரைப் பாருங்கள்.

வலிக்கு லிக்னோகெய்ன் ஜெல் உதவும், புண்ணை ஆற்றாது. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து புண்ணில் இரண்டாம் தொற்று ஏறாமல் காக்கும், பல்லில் கறை படியும் என்பதால் மாதக்கணக்கில் வேண்டாம்.

இதற்கெல்லாம் அடங்காத, பெரிய வகைப் புண்களுக்கு மருத்துவர் கோல்ச்சிசின், டாப்சோன், குறுகிய கால பிரெட்னிசோலோன் போன்றவற்றைத் தேர்ந்தெடுப்பார். கோல்ச்சிசின் நியூட்ரோஃபில்கள் நகர்ந்து வருவதைத் தடுப்பது. டாப்சோன் தொடங்குமுன் ஜி6பிடி பரிசோதனை வேண்டும், அந்த நொதி குறைந்தவர்களுக்கு ரத்த அணுக்கள் உடைந்துவிடும். தாலிடோமைடு கடைசி ஆயுதம். 1950களின் இறுதியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு, கை கால் வளராத ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறக்கக் காரணமான அதே மருந்துதான் இது. நரம்புகளையும் பாதிக்கும். நிபுணரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி, டானிக் விளம்பரம் வருகிறதே?

இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். ஏற்கெனவே அளவுக்கு மீறித் துடிக்கும் டி செல்களைத் தூண்டி என்ன ஆகப்போகிறது? இந்த நோயில் பலன் தருவதாகத் தெரிந்த முக்கிய மருந்துகள் எல்லாம் அழற்சியை அடக்குபவை. பணத்தை ஃபெரிட்டின், பி12 பரிசோதனைக்குச் செலவழியுங்கள்.

வாய்ப்புண்ணோடு கண் சிவப்பும் வருகிறது. தொடர்பு உண்டா?

இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். பெசெட் நோய் என்று ஒன்று உண்டு. இஸ்தான்புல் தோல் மருத்துவர் ஹுலுசி பெசெட் 1937இல் இதை விவரித்தார்: திரும்பத் திரும்ப வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், கண்ணுக்குள் அழற்சி. துருக்கியிலிருந்து ஜப்பான் வரை பழைய பட்டுப்பாதை நாடுகளில் அதிகம், இந்தியாவில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. எச்எல்ஏ-பி51 என்ற மரபணு வகையோடு தொடர்புடையது. இதிலும் டி செல்களும் நியூட்ரோஃபில்களும்தான் முன்னிற்கின்றன, ஆனால் ரத்தக்குழாய்களே தாக்கப்படுவதால் பார்வை போகும் ஆபத்து உண்டு. இந்த நோயின் வாய்ப்புண்ணுக்கென்றே அப்ரெமிலாஸ்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது.

அடிக்கடி வயிற்றுப்போக்கு, எடை குறைவு, மலத்தில் ரத்தம் இருந்தால் சீலியாக் நோய், குரோன் நோய் என்ற குடல் நோய்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். புது மாத்திரை ஆரம்பித்த பிறகு புண் வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நிகோராண்டில், மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் இரண்டும் வாய்ப்புண் உண்டாக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள். மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறைக்குப் பதில் தினமும் தவறுதலாகப் போட்டுவிட்டால் வாய் முழுக்கப் புண் வரும், அது அவசர நிலை, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இது புற்றுநோயாக மாறுமா?

ஆப்தஸ் புண் மாறாது. ஆனால் புற்றுநோய்ப் புண்ணை ஆப்தஸ் என்று நினைத்து ஏமாறுவது நடக்கிறது. வெற்றிலையோடு புகையிலை, பான் மசாலா, ஹான்ஸ் போன்றவை போடும் பழக்கம் நம் ஊர்ப்பக்கம் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆப்தஸ் புண் வரும், போகும், இடம் மாறும், கடுமையாக வலிக்கும். ஒரே இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் நிற்பது, ஓரம் தடித்துக் கெட்டியாக இருப்பது, வலியே இல்லாமல் இருப்பது, கழுத்தில் கட்டி, வாய் திறப்பு குறைவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். துணுக்கெடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். துணுக்கெடுத்தால் புற்று பரவிவிடும் என்ற பயத்தில் ஆரம்ப நிலையைக் கோட்டைவிட்டவர்கள் நிறையப் பேர்.

எந்த வயதில் நிற்கும்? நிரந்தரத் தீர்வு உண்டா?

சின்ன வயதிலோ பதின்ம வயதிலோ ஆரம்பித்து, இருபதுகளில் உச்சத்தில் இருந்து, நாற்பதுக்கு மேல் பலருக்குத் தானாகவே குறைந்துவிடும். ஒரேயடியாக வராமல் செய்யும் மருந்து இன்றைக்கு இல்லை. இடைவெளியைக் கூட்டலாம், புண்ணின் அளவையும் நாட்களையும் குறைக்கலாம். இதுவரை வராமல் இருந்து நாற்பதைத் தாண்டிப் புதிதாக ஆரம்பித்தால் சும்மா விடக்கூடாது, சத்துக் குறைவோ வேறு நோயோ பின்னால் இருக்க வாய்ப்பு அதிகம்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

போகிற நாளில் புண் இருக்காது, அதுதான் சிக்கல். புண் வரும்போதெல்லாம் செல்போனில் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்தத் தேதி ஆரம்பித்தது, எப்போது ஆறியது, எத்தனை புண், எந்த இடம் என்று ஒரு வரி குறித்துவையுங்கள், பெண்கள் மாதவிலக்குத் தேதியையும் சேர்த்து. சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றின் அட்டையையும் எடுத்துப்போங்கள். வாய் மருத்துவம் என்று தனிப் பிரிவே பல் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறது. சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உண்டு. வருடத்துக்கு ஐந்தாறு முறைக்கு மேல் புண் வருபவர்கள் அங்கே ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.